பின்வாசல் சாவி

மாலை ஐந்தே முக்கால். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேதியியல் துறை. நண்பருக்காகக் காத்தபடி கீழ்த்தள வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் கலைந்துவிட்டது.

காவலர் சாவிக்கொத்தோடு வருகிறார். அறுபதைத் தொடும் வயது. ஆய்வகத்துக்குள் நுழைந்து காஸ் வால்வு ஒவ்வொன்றையும் கையால் திருகிப் பார்க்கிறார். கண்ணால் பார்த்தது போதாது அவருக்கு. குழாய், ஜன்னல் கொக்கி, மின்விசிறி. வெளியே வந்து பூட்டுகிறார், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார். விடைத்தாள் கட்டுகள் இருக்கும் அறையில் பூட்டின்மேல் கையெழுத்திட்ட காகிதம் ஒட்டியிருக்கிறது. அதைத் தொடாமல், குனிந்து கிழிசல் உண்டா என்று மட்டும் பார்க்கிறார்.

படிக்கட்டின் அடியில் நின்று குரல் கொடுக்கிறார். "மேல யாரும்மா இருக்கீங்க?"

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். "நான்தாண்ணா. ரியாக்‌ஷன் ஓடிட்டிருக்கு. ஒன்பது ஆயிடும்."

"ஒத்தையாவா?"

"ஆமாண்ணா."

பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். பிறகு பின்படிக்கட்டுப் பக்கம் போகிறார். கிரில் கேட்டை இழுத்துச் சாத்திச் சங்கிலியைச் சுற்றுகிறார்.

அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில், நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தின் வாசல்களை உள்ளிருந்தே சங்கிலியால் பிணைத்துவிட்டுத்தான் ஒருவன் வகுப்பறைகளுக்குள் புகுந்து சுட்டான். 206ஆம் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் அங்கேயே இறந்தார். அந்த வகுப்பறைகளின் கதவுகளை உள்ளேயிருந்து பூட்ட வழி இல்லை. 204இல் 76 வயதுப் பேராசிரியர் லிவியூ லிப்ரெஸ்கு கதவைத் தன் உடம்பால் தாங்கிப் பிடிக்க, மாணவர்கள் பலர் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்கள். அவர் தப்பவில்லை. 205இல் மாணவர்கள் மேசையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே ஓர் உயிரும் போகவில்லை. அன்றைக்கு மொத்தம் 32 பேரைக் கொன்றான். பூட்ட வேண்டிய அறைக்குப் பூட்டு இல்லை, திறந்திருக்க வேண்டிய வாசலில் சங்கிலி.

இங்கே துப்பாக்கி வராது என்றே வைத்துக்கொள்வோம். ஈதரும் அசிட்டோனும் அடுக்கியிருக்கும் கட்டடம் இது. முன்படியில் தீப்பிடித்தால் அந்தப் பெண்ணுக்குப் பின்படி ஒன்றுதான் வழி. கணினி களவு போனால் இன்னொன்று வாங்கலாம். உள்ளே இருக்கும் ஆளுக்கு, வேண்டும்போது தாழிட்டுக்கொள்ளவும் முடியவேண்டும், ஓடி வெளியேறவும் முடியவேண்டும். களவுக்கு அஞ்சிப் போடும் பூட்டுகள் இந்த இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

ஆறு மணிக்கு இரவுக் காவலர் வருகிறார். இளைஞர். பதிவேட்டைப் பிரித்துப் படிக்கிறார்.

"மூணாவது மாடியில ஆள் இருக்குன்னு போட்டிருக்கீங்க. பின்கேட் சாவி எங்கண்ணே?"

"ஆபீஸ் ரூம்ல மாட்டிட்டேன்."

"ஆபீஸ் பூட்டியாச்சே?"

"அந்தச் சாவி ஹெட் கிளார்க்கிட்ட. வீட்டுக்குப் போயிட்டாரு. எப்பவும் அப்படித்தானேப்பா."

இளைஞர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுகிறார். "சாவி கைக்கு வராம நான் கையெழுத்துப் போட மாட்டேண்ணே. நீங்களே அவருக்கு ஒரு போன் போடுங்க."

பெரியவர் முகம் சுருங்குகிறது. கொஞ்சம் யோசித்து, போனை எடுக்கிறார். எதிர்முனையில் ஏதோ கடிந்துகொள்வது எனக்கே கேட்கிறது. "தெரியுது சார்... ஆனா மேல ஒரு பொண்ணு இருக்குது சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஹெட் கிளார்க் ஸ்கூட்டரில் வந்து அலுவலகத்தைத் திறந்துவிடுகிறார். இளைஞர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து பின்கேட் சங்கிலியை அவிழ்க்கிறார். அந்தப் பெண் இறங்கும்வரை கேட்டைச் சாத்தி மட்டும் வைப்பதாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். பிறகு தன் போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறுகிறார்.