சிப்புக்குள் எழுதப்படாத காரணம்

சிப் என்றால் தொழிற்சாலையிலேயே வேலை முடிந்து வருகிற பொருள் என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். கைப்பேசிக்குள் இருப்பதும் காருக்குள் இருப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். அதன் மேல் ஓடும் மென்பொருளை மாற்றலாம். உள்ளே இருக்கும் சுற்றை மாற்ற முடியாது. ஆனால் சுற்றையே நாங்கள் தீர்மானிக்கக்கூடிய சிப்புகளும் இருக்கின்றன. பொறியியலில் முதுகலை படித்த காலத்தில் என்னை அதிகம் பிடித்து வைத்தவை அவைதான். இப்போது நான் ஐ.டி. ஆலோசகர். நாள் முழுக்க சேவர், தரவு, கூட்டம் என்று போகிறது. என்றாலும் இந்தச் சிப்புகள் என்னை விடவில்லை. என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் எஃப்.பி.ஜி.ஏ. என்ற வகையைப் பார்ப்போம். 1985இல் சைலிங்ஸ் நிறுவனம் எக்ஸ்.சி. 2064 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. அதில் 64 தர்க்கக் கட்டங்கள் இருந்தன. நான் மாணவனாக வாங்கிய, யு.எஸ்.பி. குச்சி அளவுப் பலகையில் இருந்தது லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 வகைச் சிப். சிறிய சிப்தான், ஆனால் அதில் 1,280 கட்டங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பது ஒரு சின்ன விடை அட்டவணை. நான்கு உள்ளீடுகள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1. எனவே 16 சேர்க்கைகள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் விடை 0ஆ 1ஆ என்று 16 பிட் நினைவகத்தில் எழுதிவிட்டால் அந்தக் கட்டம் தயார். அந்த 16 பிட்டை மாற்றி மாற்றி எழுதி, 65,536 விதமான தர்க்கங்களில் எதை வேண்டுமானாலும் அதற்குள் வைக்கலாம். கட்டங்களுக்கு நடுவே கம்பிகள் ஓடுகின்றன. எந்தக் கம்பி எதோடு சேரும் என்று தீர்மானிக்கச் சின்னச் சின்ன ஆளிகள் இருக்கின்றன. அட்டவணைகளையும் ஆளிகளையும் நிரப்பும் நீண்ட பிட் வரிசைக்குப் பெயர் பிட்ஸ்ட்ரீம். பெரும்பாலான எஃப்.பி.ஜி.ஏ.களில் மின்சாரம் நின்றதும் இது அழிந்துவிடும். அதனால் பக்கத்தில் ஒரு ஃபிளாஷ் நினைவகம் இருக்கும். ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் சிப் வெறுமையாக எழுந்து, தான் யார் என்பதை அதிலிருந்து வாசித்துக்கொள்ளும்.

இதற்கு வெரிலாக் அல்லது வி.எச்.டி.எல். என்ற மொழியில் எழுதுவோம். பார்க்க வழக்கமான புரோகிராம் போலத்தான் இருக்கும். ஆனால் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதில்லை. ஒரே ஆள் ஒவ்வொரு கறியாகச் சமைப்பது புரோகிராம். கல்யாண வீட்டில் பத்து அடுப்பில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் சமைப்பது சுற்று. என் முதல் சுற்று ஒரு விளக்கைச் சிமிட்டியது. பலகையின் கடிகாரம் விநாடிக்கு 1 கோடியே 20 லட்சம் முறை துடிக்கும். 24 பிட் எண்ணி ஒன்று அதை எண்ணிக்கொண்டே போய் 16,777,216 துடிப்பில் ஒரு சுற்று முடிக்கும். அதன் கடைசிப் பிட்டை விளக்கோடு இணைத்தால், ஏறத்தாழ 1.4 விநாடிக்கு ஒரு முறை விளக்கு அணைந்து எரியும். நான் எழுதியது சில வரிகள். அவற்றைத் தர்க்கமாக மாற்றுவது, எந்தக் கட்டத்தில் எது இருக்கவேண்டும் என்று இடம் கொடுப்பது, கம்பி இழுப்பது, பிட்ஸ்ட்ரீமாகக் கட்டுவது எல்லாவற்றையும் கருவிகள் செய்தன. விளக்கு சிப்பின் எந்தக் காலில் இருக்கிறது என்பதை மட்டும் நான் தனிக் கோப்பில் சொல்லவேண்டியிருந்தது.

எஃப்.பி.ஜி.ஏ.க்கு வயது மூத்த சொந்தக்காரர்களும் உண்டு. 1978இல் வந்த பி.ஏ.எல். சிப்பில் உள்ளே இருக்கும் உருகிகளை எரித்துத் தர்க்கத்தை எழுதுவார்கள்; ஒரு முறை எழுதினால் எழுதியதுதான். பிறகு லாட்டிஸ் ஜி.ஏ.எல். என்ற வகையைக் கொண்டுவந்தது. இதை அழித்துத் திரும்ப எழுதலாம், மின்சாரம் போனாலும் மறக்காது. கூடவே ஒரு பூட்டும் உண்டு. பாதுகாப்புப் பிட் என்ற ஒன்றை எழுதிவிட்டால், உள்ளே இருக்கும் தர்க்கத்தை யாரும் திரும்ப வாசிக்க முடியாது. சிப் வேலை செய்யும், ஆனால் தான் என்ன செய்கிறது என்று சொல்லாது.

அப்படி ஒரு சிப்பைச் சில வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரி மாதத்தில் சந்தித்தேன். ரொறன்ரோவுக்கு வெளியே, பொருட்களை அட்டைப்பெட்டிகளில் அடைக்கும் ஒரு தொழிற்சாலை. இயந்திரங்களின் தரவை வலையமைப்பில் சேர்க்கும் வேலைக்காகத்தான் போயிருந்தேன். ஒரே மாதிரியான இரண்டு பழைய இயந்திரங்கள் அங்கே இருந்தன. ஒன்றின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த ஜி.ஏ.எல். சிப்பின் ஒரு வெளியீடு செத்துவிட்டது. இயந்திரத்தைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. நான் இந்தச் சிப்புகளைப் பற்றிக் கதைத்ததைக் கேட்ட பராமரிப்புப் பொறுப்பாளர், "மற்ற இயந்திரத்தில் இருப்பதைப் பிரதி எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

வார இறுதியில் இயந்திரங்கள் நின்றபோது நல்ல சிப்பைக் கழற்றினோம். எதிர்பார்த்தபடி பூட்டப்பட்டிருந்தது. ஆனால் ஜி.ஏ.எல். சிப்பில் பூட்டினாலும் வாசிக்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறது: எழுதியவர் தன் அடையாளத்தைப் போட்டுவைக்க 64 பிட், அதாவது எட்டு எழுத்து. அதில் "ரெவ் 3" என்றும் இரண்டு முதலெழுத்துகளும் இருந்தன. இது மூன்றாவது பதிப்பு. அவ்வளவுதான் தெரிந்தது.

உள்ளே பார்க்க முடியாவிட்டால் வெளியே நின்று கேள்வி கேட்கவேண்டியதுதான். அந்தச் சிப்பில் பயன்பட்டவை 10 உள்ளீடுகள். அப்படியானால் 1,024 சேர்க்கைகள். ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் பலகையால் ஒவ்வொரு சேர்க்கையையும் கொடுத்து ஆறு வெளியீடுகளையும் பதிந்தோம். ஏறுவரிசையில் ஒரு முறை, இறங்குவரிசையில் ஒரு முறை, கலைத்துப்போட்டு ஒரு முறை. ஏன் மூன்று தடவை? சிப்புக்குள் நினைவு ஏதும் இல்லையென்றால் எந்த வரிசையில் கேட்டாலும் அதே கேள்விக்கு அதே விடை வரவேண்டும். விடை மாறினால், சிப் பழையதை நினைவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்து வெளியீடுகள் மூன்று முறையும் ஒத்துப்போயின. ஆறாவது ஒத்துப்போகவில்லை. அது மட்டைகளைத் தள்ளும் தடிக்கு அனுமதி கொடுக்கும் வெளியீடு. பதிவுகளை வரி வரியாகப் பார்த்தபோது விடயம் புரிந்தது. பாதையில் இருக்கும் இரண்டு உணரிகளும் ஒரே நேரத்தில் மறைபட்டால் தடிக்கான அனுமதி நிற்கும். பிறகு உணரிகள் விடுபட்டாலும், மீட்புப் பட்டன் அமத்தப்படும்வரை அது திரும்ப வராது.

அங்கே வேலை செய்த இளம் பொறியியலாளர் அளவுநாடாவோடு போய் அளந்துவிட்டு வந்தார். மட்டையின் நீளத்தைவிட இரண்டு உணரிகளுக்கும் இடையே உள்ள தூரம் கூட. ஒரு மட்டை இரண்டையும் ஒரே நேரத்தில் மறைக்க வழியே இல்லை. "நடக்கவே முடியாத நிலை. டோன்ட் கேர் என்று போட்டுவிட்டால் சமன்பாடு சுருங்கும், நினைவும் தேவையில்லை" என்றார். பாடப்புத்தகப்படி அவர் சொன்னது பிழையில்லை. தர்க்கச் சுற்றைச் சுருக்கும்போது, வரவே வராத உள்ளீடுகளுக்கு விடை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் "வரவே வராது" என்பதைச் சிப் சொல்வதில்லை. அது ஒரு மனிதர் சொல்லும் வாக்கு. ஒருவர் வேண்டுமென்றே, மூன்றாவது பதிப்புவரை வந்து, அந்த நிலைக்கு ஒரு நினைவையே கட்டியிருக்கிறார். அதை அழிப்பதற்கு முன் காரணம் தெரியவேண்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அந்த வரிசையில் வேலை செய்தவர்களில் ஒரு தமிழ் அன்ரி இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் அதே இயந்திரத்தில் நிற்கிறவர். தேநீர் இடைவேளையில் தமிழில் கேட்டேன்: "அன்ரி, இந்த மிசின் சும்மா சும்மா நிக்கிறதோ?"

"சும்மா நிக்காது தம்பி. கோடையிலதான் நிக்கும். ஈரத்துக்கு மட்டை ரெண்டு ஒண்டோட ஒண்டு ஒட்டி, இழுபட்டு நீளமா வரும். முந்தியெண்டால் மிசின் தெரியாமல் அதையும் தள்ளிப்போடும். ஒருக்கா தள்ளுற தடியே வளைஞ்சு போச்சு. பிறகு ஒரு எஞ்சினியர் வந்து ரெண்டு நாள் பக்கத்தில நிண்டு பாத்திட்டு, என்னவோ மாத்திவிட்டவர். இப்ப அப்பிடி வந்தால் தானா நிக்கும். நாங்கள் இழுத்தெடுத்துப்போட்டு அந்தப் பட்டனை அமத்துவம்."

ஒரு மட்டை இரண்டு உணரிகளையும் மறைக்காது. ஒட்டிக்கொண்ட இரண்டு மட்டைகள் மறைக்கும். 1,024 சேர்க்கைகளையும் மூன்று முறை கேட்டு நாங்கள் கண்டுபிடித்தது, சிப் என்ன செய்கிறது என்பதை. ஏன் செய்கிறது என்பது அன்ரியிடம் இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சுருக்கிய சிப்பைப் போட்டிருந்தால் எல்லாப் பரிசோதனையிலும் அது தேறியிருக்கும், ஜூலை வரும்வரை.

கேட்டவர் யாரும் இல்லையா என்று நீங்கள் நினைக்கலாம். அன்ரியின் ஆங்கிலம் "குட் மோர்னிங்", "மிசின் ஸ்டொப்", "ஓகே போஸ்" என்ற அளவில் இருந்தது. அந்த மொழியில் யாரும் அவரிடம் காரணம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இவ்வளவு சொல்லியிருக்க முடியாது. தமிழில் அவர் சொன்னது ஒரு முழுமையான பொறியியல் அறிக்கை: எந்தப் பருவம், என்ன காரணம், என்ன சேதம், என்ன திருத்தம், இப்போது என்ன நடைமுறை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு ஏன் போகவேண்டும் என்று சின்ன வயதில் அம்மாவோடு சண்டை பிடித்தவன் நான். அது ஒருநாள் தர்க்கச் சுற்று ஒன்றைப் பிழையில்லாமல் எழுத உதவும் என்று அம்மாவும் நினைத்திருக்கமாட்டார்.

பிறகு நடந்தது நேரான வேலை. அதே கால் அமைப்பில் கிடைக்கும் மாற்றுச் சிப் ஒன்றை வாங்கி, சமன்பாடுகளைத் திரும்ப எழுதி, பழையதையும் புதியதையும் மூன்று வரிசையிலும் ஒப்பிட்டோம். எல்லாம் பொருந்தின. அவசர நிறுத்தம் தனி ரிலேக்களில் இருந்தது. அதை நாங்கள் தொடவே இல்லை. தடிக்கான சமன்பாட்டுக்கு மேலே குறிப்பு வரியாக அன்ரி சொன்ன காரணத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். பாதுகாப்புப் பிட்டைப் போடவில்லை. மூலக் கோப்பின் அச்சுப் பிரதி ஒன்றைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்தோம். ஜூலையில் பொறுப்பாளரிடமிருந்து ஒரு வரி வந்தது: மட்டை ஒட்டியது, இயந்திரம் நின்றது.

அன்றிலிருந்து என் வேலையில் ஒரு வழக்கம். சிப்போ மென்பொருளோ, யாரும் புரியாத ஒரு விதியைக் கண்டால், அதை நீக்குவதற்கு முன் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் அதிக வருடம் நின்றவரைத் தேடிப் போவேன். பெரும்பாலும் அவருக்குப் பெரிய பதவி இருக்காது. எங்கள் பெற்றோரில் எத்தனை பேர் அப்படி ஒரு வரிசையில் நின்றவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தக் கோப்பிலும் இல்லை. அவர்கள் ஓய்வுபெறும் நாளில் அது பூட்டிய சிப்பாகிவிடும்.

நீங்களும் செய்துபார்க்க விரும்பினால், இன்று வழி சுலபம். ஐஸ்40 சிப்பின் பிட்ஸ்ட்ரீம் வடிவத்தை நிறுவனம் வெளியிட்டிருக்கவில்லை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிளேர் வுல்ஃபும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிலிருந்து ஆராய்ந்து அதைக் கண்டறிந்தார்கள். 2015இல் ஐஸ்ஸ்டோர்ம் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதனால் வெரிலாக்கிலிருந்து சிப்வரை யோசிஸ், நெக்ஸ்ட்பி.என்.ஆர். போன்ற இலவசத் திறந்தமூலக் கருவிகளாலேயே போகலாம். அந்தச் சிப் உள்ள சிறிய பலகை ஒன்று போதும்.

முதல் நாள் விளக்கைச் சிமிட்டுங்கள். இரண்டாவதாக, நான் சொன்ன சுற்றையே கட்டுங்கள்: உணரிகளுக்குப் பதில் இரண்டு பட்டன், மீட்புக்கு ஒன்று, தடிக்குப் பதில் ஒரு விளக்கு. இரண்டு பட்டனையும் சேர்த்து அமத்தினால் விளக்கு அணையவேண்டும். மூன்றாவதை அமத்தும்வரை எரியக்கூடாது. பத்துப் பதினைந்து வரிதான் வரும். அந்த வரிகளுக்கு மேலே, இது ஏன் இப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். சிப் அதை வாசிக்காது. உங்களுக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்கிறவர் வாசிப்பார்.