போகாத ஊருக்கு வழி சொன்னவன்

புக்கெட் தீவில் நான் கால் வைத்ததில்லை. தாய்லாந்தின் எந்த ஊருக்கும் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. ஆனாலும் புக்கெட்டில் என்னென்ன பார்க்கலாம், என்னென்ன செய்யலாம் என்று ஒரு கைப்புத்தகம் எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள் நான் அங்கே பலகாலம் குடியிருந்தவன் என்று நினைத்துக்கொள்ளும்படி எழுதினேன். தெரியாமல் அப்படி அமைந்துவிடவில்லை. நினைக்க வேண்டும் என்றேதான் எழுதினேன்.

தருமபுரியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் வாசகம் என்னுடையதுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் விவரத்தை மட்டும் சொல்லிவிட்டு, "நீங்களே நல்லா போட்டுருங்க" என்று போய்விடுவார்கள். முகம் பார்த்தறியாத பெரியவரைப் ‘பண்பின் சிகரமே’ என்று எழுதிப் பழகிய கை. 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா எடுக்காமலே வரலாம் என்று தாய்லாந்து கதவைத் திறந்ததும், அந்தக் காற்று இங்கேயும் அடித்தது. ஓசூர் தாண்டினால் பெங்களூரு, அங்கே விமானம். தக்காளிக்கு நல்ல விலை பார்த்த பாலக்கோட்டுக்காரர்கள்கூடக் கொடைக்கானலை விட்டுவிட்டு புக்கெட் என்று பேச ஆரம்பித்தார்கள். டூர் நடத்தும் ஒருவர் கடைக்கு வந்தார். டிக்கெட் போடுகிறவர்களுக்கு இனாமாகக் கொடுக்கத் தமிழில் ஒரு புத்தகம் வேண்டும் என்றார். படங்களை அவர் தருவார், எழுத்து என் பொறுப்பு. "நீங்க போயிருக்கீங்களா?" என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எப்படி எழுதினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் புக்கெட்டில் வைத்தேன்.

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். விருந்தாளி யார் வந்தாலும் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அதனால் ‘மசாஜ்’ என்ற தலைப்பு வந்தபோது எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்ப் பாட்டிலோடு நிற்பவர்களைத் தெரியும். பாறைமேல் குப்புறப் படுக்க வைத்து, எண்ணெயைக் கவிழ்த்து, முதுகில் பளார் பளார் என்று தட்டுவார்கள். எழுந்து நேராக அருவியில் போய் நின்றால், விழுகிற தண்ணீர் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதை அப்படியே பாத்தோங் கடற்கரைக்கு மாற்றினேன். ‘தட்டும் ஓசை கடற்கரை நெடுகக் கேட்கும்’ என்று ஒரு வரி வேறு. யுனெஸ்கோ 2019-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்த தாய் மசாஜ் முற்றிலும் வேறு சங்கதி. பெரும்பாலும் எண்ணெயே கிடையாது. தொளதொள உடையில் பாயில் படுக்க வைத்து, கையையும் காலையும் மடக்கி, அழுத்தி, இழுத்து விடுவார்கள். இதெல்லாம் புத்தகம் அச்சாகி வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

படகுக்கும் இதே கதைதான். அங்கே ஓடும் நீளவால் படகில் கார் எஞ்சின் ஒன்றைப் பின்பக்கம் வெளிப்படையாகப் பொருத்தியிருப்பார்கள். அதிலிருந்து நீளமான கம்பி தண்ணீருக்குள் போகும். அதன் நுனியில் விசிறி. முகப்பில் படகைக் காக்கும் தெய்வத்துக்கென்று வண்ணத் துணிகளைச் சுற்றி முடிந்திருப்பார்கள். நான் எழுதியது என்ன தெரியுமா? ‘படகோட்டி நடுக்கடலில் படகை நிறுத்தி, தட்டாமாலையாகச் சுற்றிக் காட்டுவார்.’ அது நம் பரிசல். மூங்கில் பின்னிய வட்டத்தைத்தான் துடுப்பை ஒரே பக்கம் போட்டுச் சுழற்ற முடியும். நீளவால் படகை அப்படிச் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. சாப்பாட்டுப் பகுதியில் தோசைக்கல்லில் மிளகாய்ப் பொடி தடவிய மீனைப் பெண்கள் வறுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு நாக்கில் எச்சில் ஊறியதாகப் பலர் சொன்னார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இதுவரை சொன்னதைச் சிரித்துவிட்டுத் தள்ளிவிடலாம். இனிமேல் வருவதை முடியாது.

டூர்காரர் ஜூலையில் டிக்கெட்டும் ஓட்டலும் மலிவு என்றார். நான், ‘ஆடி மாதம் புக்கெட் செல்ல ஏற்ற காலம், கூட்டம் குறைவு, கட்டணம் குறைவு’ என்று எழுதினேன். பாத்தோங், காத்தா, கரோன் மூன்றையும் சேர்த்து, ‘முழங்காலளவுத் தண்ணீர், குழந்தைகளும் பயமின்றி இறங்கலாம்’ என்றேன். சிமிலான் தீவுகளுக்கு ஒருநாள் பயணம் போகச் சொன்னேன். அந்தத் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்திருக்கிறார்கள். பீ பீ தீவுக்கூட்டத்தின் மாயா விரிகுடாவில் நீந்தி மகிழச் சொன்னேன். அங்கே எடுத்த ‘தி பீச்’ படம் வந்தபின் கூட்டம் பெருகிப் பவளப்பாறைகள் நாசமானதால் அதை 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது நீந்தத் தடை, படகு உள்ளே வரத் தடை. தீவின் பின்பக்கம் இறங்கி நடந்துதான் போக வேண்டும். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும்.

தெரிந்துகொள்ளப் போன்கூட வேண்டியதில்லை என்பதுதான் என்னைக் குத்துகிறது. வருஷா வருஷம் மே மாதம் பேப்பரில் ஒரு செய்தி வரும்: அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. கேரளாவுக்கு வருமுன்பே அது அங்கே வந்துவிடுகிறது. அந்தக் கடலின் கீழைக்கரையில்தான் புக்கெட் இருக்கிறது. நாம் காசு கொடுத்துக் குளிக்கப் போகும் பாத்தோங்கும் கரோனும் அந்தக் காற்றுக்கு நேர் எதிரே மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கும் மேற்குக் கடற்கரைகள். அதே காற்றுதான் குடகிலும் வயநாட்டிலும் கொட்டுகிறது, கபினியையும் கிருஷ்ணராஜசாகரையும் நிரப்புகிறது, பிலிகுண்டுலு தாண்டி ஒகேனக்கல்லுக்கு வருகிறது. ‘நீர்வரத்து அதிகரிப்பு, அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை’ என்ற வரி எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் ஆடி மாதம் நாள்தவறாமல் இருக்கும். வெயில் காய்கிறதே, ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சண்டை போடுவார்கள். "இங்க வானத்தப் பாக்காதீங்க, குடகுல என்னன்னு கேளுங்க" என்று எத்தனையோ பேருக்கு நான் புத்தி சொல்லியிருக்கிறேன். ஒரு கடலைப் பற்றி எழுதும்போது அந்தக் கேள்வி எனக்கு எழவில்லை.

எழவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. லேசாக எழுந்தது. யாரிடமாவது கேட்டால், ‘நீ போனதில்லையா?’ என்று திருப்பிக் கேட்பார்களே என்ற வெட்கம் அதை அமுக்கிவிட்டது.

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. உறவில்லை, பழக்கம்தான். வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் அச்சடிப்பார். 2024 கோடையில் புத்தகத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். மகள், மாப்பிள்ளை, பேரன் பேத்தியோடு போகலாம் என்று எண்ணம். பெஞ்சில் உட்கார்ந்து, நேராகக் கேட்டார்.

"ஏன் தம்பி, நீ அங்க போயிருக்கியா?"

"போயிருக்கேண்ணா."

யோசிக்காமல் வந்த பதில் இல்லை அது. அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் நடுவே, இல்லை என்று சொல்ல வேண்டிய அளவு நேரம் இருந்தது. கடைப் பையன் வேறு பக்கத்தில் நின்றான். அவனுக்கு நான் ஓசூருக்கு அப்பால் போகாதது தெரியும். அவன் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவர்கள் ஆடி பிறந்ததும் போனார்கள். கரை நெடுகச் சிவப்புக் கொடி. பீ பீ தீவுக்குப் போகும் வேகப்படகு அலை அதிகம் என்று நிறுத்தப்பட்டது. பேரப்பிள்ளைகள் ஓட்டல் அறையில் கார்ட்டூன் பார்த்தார்கள். ஒரு மாலை மழை விட்டதும் மாப்பிள்ளை கடலில் இறங்கியிருக்கிறார். ‘முழங்காலளவு’ என்று நான் எழுதியிருந்தேனே. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்தது, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தது, அங்கேயே இறங்கினார். கரையில் மோதிய தண்ணீர் மொத்தமாகக் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை. காவிரியில் நுரைக்காமல் கருப்பாகத் தெரியும் தண்ணீரில் இறங்காதே என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடச் சொல்லிக் கொடுப்பார்கள். உயிர்காப்பாளர் விசிலடித்துக்கொண்டே மிதவையோடு நீந்திப் போய் இழுத்து வந்தார். மாப்பிள்ளை நிறையத் தண்ணீர் குடித்திருந்தார். மறுநாள் சரியாகிவிட்டது.

அண்ணன் இதைச் சொன்னது டீக்கடையில், மற்றவர்களுக்கு நடுவில். என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நம்ம நேரம், மழையில மாட்டிக்கிட்டோம். டூர்க்காரனும் ஒண்ணும் சொல்லல" என்றார். பக்கத்தில் இருந்தவர் டூர்க்காரரைத் திட்டினார். நானும் சேர்ந்துகொண்டேன். "முன்கூட்டியே சொல்லியிருக்கணும்ணா அவரு" என்றேன். என் வாயால் சொன்னேன் இதை.

அந்த ஜூலை 30-ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. ஒகேனக்கல்லில் பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 23 அன்று அதே பருவமழையில் புக்கெட்டின் பெரிய புத்தர் சிலை இருக்கும் மலையில் மண் சரிந்து 13 பேர் இறந்தார்கள். ‘45 மீட்டர் உயரப் புத்தரின் காலடியில் நின்று தீவு முழுவதையும் காணலாம்’ என்பது என் புத்தகத்தின் கடைசிப் பக்க வாசகம்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். ஆடியில் போயே தீர வேண்டும் என்றால் தீவின் கிழக்கே, நிலத்தின் மறைவில் இருக்கும் பாங் நா விரிகுடாவுக்குப் போகலாம். சுண்ணாம்புப் பாறைகள் நீருக்குள்ளிருந்து நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும் இடம். 1974-இல் ஜேம்ஸ் பாண்ட் படம் எடுத்தது அங்கேதான். மழைக்கு ஒதுங்கி நடக்க, வெள்ளீயச் சுரங்கக் காலத்துச் சீன வணிகர்கள் கட்டிய பழைய புக்கெட் நகரத் தெருக்கள் உண்டு. வடக்கே தகுவாபாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டு, நாங்கூர்க்காரர் ஒருவர் வெட்டிய குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயர், மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் பொறுப்பு. அவனிநாரணன் மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். காவிரிக் கடைமடையில் நாங்கூர் இன்றும் இருக்கிறது. தகுவாபாவில் கிடைத்த திருமால் சிலை புக்கெட்டின் தலாங் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கிராபி பக்கம் க்லோங் தொம்மில், ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் பொறித்த உரைகல் ஒன்று இருக்கிறது, ஏதோ ஒரு தட்டான் கொண்டு போனது. பல்லவர் காலத்து நடுகற்களை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு, இதில் ஒரு வரிகூட எழுதாமல், மீன் வறுவலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

சமீபத்தில் அண்ணன் கடைக்கு வந்தார். பேத்திக்குக் காதுகுத்து. புரூஃப் பார்த்துக்கொண்டே, "தீபாவளி லீவுக்குக் கோ சமுய் போலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு. என்ன தம்பி, போலாமா?" என்றார்.

"வேணாம்ணா. அது கிழக்குக் கடல். ஐப்பசி, கார்த்திகைலதான் அங்க அடைமழை. மேட்டூர் ரொம்புற மழை புக்கெட்டுக்கு, மெட்ராஸ்ல வெள்ளம் வர்ற மழை சமுய்க்கு."

"ஓ. நீ போனப்ப மாட்டிக்கிட்டியா?"

"நான் போனதில்லண்ணா."

"சமுய்க்கா?"

"புக்கெட்டுக்கும்."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன்.

"அப்ப அந்த மீனு?"

"அது நம்ம ஒகேனக்கல் மீனுண்ணா."

"அதான பாத்தேன். பீச் பூரா அந்த மீனத் தேடி அலைஞ்சோம்டா" என்றார். அதுவரை என்னை அவர் ‘டா’ போட்டதில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி அவர் கேட்கவில்லை. காதுகுத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறார். மாப்பிள்ளைதான் வாசலில் நின்று வரவேற்பார். பத்திரிகையில் ‘தங்கள் வரவை எதிர்நோக்கும்’ என்ற வரிக்குக் கீழே அவர் பெயரை நானே அடித்தேன்.