அடுத்த அத்தியாயம் எப்ப வரும்?

நான் ஒரு தொடர்கதைப் பைத்தியம். மந்திரம், வாள், நாகலோகம் எண்டு ஏதாவது இருந்தால் கம்பஸ் அசைன்மென்ட் கிடக்கட்டும் எண்டு விட்டிடுவன். இந்த வருத்தம் தொற்றினது 2020 ஊரடங்கில. கிளிநொச்சியில் வீட்டுக்குள்ளேயே கிடந்த நாட்கள். அம்மா ரீலோட் போட்டுத் தந்தது ஒன்லைன் வகுப்புக்கு. நான் வாசித்தது கதை.

பிடிக்காததை முதல் சொல்லிவிடுகிறேன். கதை அப்களில் பாதிக் கதாநாயகர்கள் ஏழை அநாதைகள். பத்தாம் அத்தியாயத்தில் பார்த்தால் ஆள் இளவரசன்! ஏன், ஏழைப் பெடியன் ஏழையாவே இருந்து ஒண்டும் சாதிக்கேலாதா? அடுத்தது பனி. மந்திர உலகம் எண்டால் ஏன் எப்பவும் பனி கொட்டுது? ஒரு பனங்கூடல், மாரியில் இரணைமடு வான்கதவு திறக்கிற சத்தம், இதுக்குள்ள ஒரு பூதமும் வராதா?

இதெல்லாம் சின்னக் கோபங்கள். பெரிய கோபம் போர்க் காட்சிகளில்தான். 'பத்தாயிரம் பேர் மடிந்தனர்' எண்டு ஒரு வரி. அடுத்த வரியில் கதாநாயகனுக்கு முடிசூட்டு விழா. அந்தப் பத்தாயிரம் பேரின் வீடுகளுக்கு ஆர் போய்ச் சொன்னது? 2009இல் எனக்கு ஆறு வயது. அந்த வரியை என்னால் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை.

பிடித்தது எண்டால் காத்திருப்பு. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரம் வாரம் பொன்னியின் செல்வனுக்குக் காத்திருந்த சனத்தை நினைச்சால் பொறாமையா இருக்கும். எங்கட காலத்தில் அப்படி வந்தது ஜெயமோகனின் வெண்முரசு. மகாபாரதத்தை 2014 ஜனவரி 1இல் தொடங்கி, நாவலுக்கு நாவல் சின்ன இடைவெளி விட்டு, நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதினார். 2020 ஜூலையில் முடிந்தபோது 26 நாவல்கள். காசும் கட்டத் தேவையில்லை. நான் கடைசி மாதங்களில்தான் போய்ச் சேர்ந்தேன். தமிழ் கடினம், வர்ணனைகள் நீளம். கனக்கப் பக்கங்களைத் தள்ளித்தான் வாசித்தேன், பொய் சொல்லேல்ல.

ஆனா அதில் போர் முடிந்த உடனே கதை முடியவில்லை. 'நீர்ச்சுடர்' எண்டு ஒரு முழு நாவல், செத்தவர்களுக்கு நீர்க்கடன் செய்வதற்காகவே. வென்றவன் கதையை நிறுத்திவிட்டு மிஞ்சினவர்களைப் பார்க்கிற ஒரு கதையை நான் முதல்முதல் வாசித்தது அதில்தான்.

ஒருநாள் இரவு அம்மா பக்கத்தில் வந்து இருந்தா.

"என்ன பிள்ளை இவ்வளவு நேரமா வாசிக்கிறாய்?"

"சண்டை முடிஞ்சுதம்மா. எல்லாரும் ஆத்தில நிண்டு தண்ணி விடப் போகினம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு சொன்னா: "செத்தது தெரிஞ்சாத்தானே தண்ணி விடலாம்."

மாமாவின் படத்துக்கு எங்கட வீட்டில் இன்னும் மாலை போடவில்லை. அம்மா போட விடமாட்டா. மே 18க்கு முள்ளிவாய்க்காலுக்குப் போவா, விளக்கேற்றுவா. ஆனா தன்ர தம்பியின் பேரை மட்டும் அங்க சொல்லமாட்டா.

அடுத்த அத்தியாயம் எப்ப வரும் எண்டு நான் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, அம்மா பதினொரு வருசமாக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. எனக்கு அடுத்த நாள் அத்தியாயம் வந்தது.