தேவதூதரின் பங்கு

மதுவைப் பற்றிப் பேசப் புகுந்தால் நம்மவர் கைக்கொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று, திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை முன்வைத்து நிகழ்த்தும் அறவுரை. மற்றது, சங்கச் செய்யுட்களில் வரும் நறவையும் தேறலையும் எடுத்துக்காட்டிப் பண்டைத் தமிழரின் களிப்பை வியக்கும் இலக்கிய நயம். யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்திற் பருகிய பாண்டியன் நன்மாறனின் பெயரை நாம் அறிவோம். அவனைப் பாடிய நக்கீரரின் பெயரையும் அறிவோம். அத்தேறலை வடித்தவர் எவர்? அவர் எந்த நிலையில் வாழ்ந்தார்? பல்கலைக்கழகத் தமிழ் வகுப்பில் இவ்வினாவை எவரும் எழுப்பக் கேட்டதில்லை. இதனை என் மனத்தில் ஊன்றியது ஸ்கொட்லாந்தின் நாட்டுப்புறத்திலுள்ள ஒரு விஸ்கி வடிசாலை.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் அபடீன் நகரில் வாழும் அக்காவின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் அத்தான் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, கேர்ன் ஓ மவுண்ட் என்னும் மலைவழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மலையெங்கும் ஹெதர்ச் செடிகள் ஊதா நிறத்திற் பூத்துக் கிடந்தன. உச்சியைக் கடந்ததும் கீழே மேர்ன்ஸ் சமவெளி விரிந்தது. பழுத்து நின்ற பார்லி வயல்களின் ஓரங்களிற் செம்மண் தெரிந்தது. வலிகாமத்துத் தோட்டவெளிகளில் வளர்ந்த எனக்கு அந்நிறம் அந்நியமாகத் தோன்றவில்லை.

அந்த மண்ணை நான் முன்னரே ஒரு நாவலில் அறிந்திருந்தேன். இச்சமவெளியில் வளர்ந்த சோசலிச எழுத்தாளர் லூயிஸ் கிராசிக் கிப்பன் 1932இல் எழுதிய ‘சன்செட் சோங்’ என்பதே அது. குத்தகை நிலத்தை உழுது தேய்ந்த சிறு விவசாயக் குடும்பங்களின் கதை. முதலாம் உலகப் போர் அக்குடும்பங்களைச் சிதைத்த கதை. 1935இல், தமது முப்பத்துமூன்று வயதில் கிப்பன் மறைந்தார். மேர்ன்ஸ் நாட்டை நான் சுற்றுலாப் பயணியின் கண்ணால் மட்டும் பார்க்க இயலாமற் போனதற்கு அவரே காரணர்.

மலையடிவாரத்துச் சிற்றூரான ஃபெட்டர்கேர்னில் அவ்வடிசாலை இருக்கிறது. நாங்கள் பத்துப் பேரளவில் ஓர் இளம் பெண்ணின் பின்னே நடந்தோம். விஸ்கி செய்யும் முறையை அவர் தெளிவாக விளக்கினார். முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிப்பை வடித்தெடுக்கின்றனர். எஞ்சும் சக்கை மாடுகளுக்குத் தீவனமாகிறது. இனிப்பு நீரை ஆளுயரத்தை விஞ்சிய மரத்தொட்டிகளில் நிரப்பி மதுவம் சேர்க்கின்றனர். தொட்டியின் மூடியைத் திறந்தபோது வந்த புளித்த நெடி, வெயிலேறிய கள்ளுமுட்டியின் நெடியை அப்படியே ஒத்திருந்தது. இரண்டு மூன்று நாட்களில் நொதித்து முடியும் அந்நீர் செப்பு வாலைகளுக்குள் இருமுறை காய்ச்சி வடிக்கப்படுகிறது. இரண்டாம் முறை வெளிவருவதில் ஏறத்தாழ 70 வீதம் மதுசாரம். இவ்வடிசாலைக்கு மட்டும் உரிய ஒரு சிறப்பும் உண்டு. வாலையின் கழுத்தைச் சுற்றியுள்ள வளையத்திலிருந்து குளிர்நீர் ஓயாது வழிகிறது. கனமான ஆவி குளிர்ந்து மீண்டும் வாலைக்குள்ளேயே விழ, இலேசான ஆவியே மேலே செல்கிறது. கரிய புகைமண்டபத்தில் நீர்த்திரை போர்த்து நின்ற அச்செம்பின் அழகை மறப்பதற்கில்லை.

என் கவனத்தை நெடுநேரம் பிடித்து வைத்தது வேறொரு பொருள். வாலையிலிருந்து வரும் சாராயம், பித்தளைச் சட்டமிட்டுப் பூட்டிய கண்ணாடிப் பெட்டி ஒன்றினூடாக ஓடுகிறது. எது நல்ல பகுதி, எது கழிவு என்று பார்த்துப் பிரிப்பவன் வாலைத் தொழிலாளி. அவன் கண்ணாற் பார்க்கலாம். வெளியேயுள்ள பிடிகளைத் திருப்பலாம். ஒரு துளியைத் தொட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நெடுங்காலம் அப்பூட்டின் திறவுகோல் அரசாங்கச் சுங்க அதிகாரியிடம் இருந்தது. அரசுக்கு வரி, உடைமையாளனுக்கு இலாபம். செய்தவனுக்குக் கண்ணாடியின் வெளிப்புறம். நம் ஊரில் இத்தகைய பெட்டி இருந்ததில்லை; அதன் வேலையைச் சாதி செய்தது. விடியுமுன் பனையேறிய சீவற் தொழிலாளியின் கள்ளை ஊர் ஏற்றுக்கொண்டது. அவனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அவ்வாசல் திறக்க மாவிட்டபுரத்தில் 1968இல் போராட வேண்டியிருந்தது.

பின்னர் களஞ்சியசாலைக்குச் சென்றோம். இருளும் ஈரமும் நிறைந்த மண்தளத்தில் ஓக் மரப் பீப்பாக்கள் வரிசை வரிசையாக உறங்கின. மூன்று ஆண்டுகளாவது மரத்தில் இராத சாராயத்தை ஸ்கொட்ச் விஸ்கி என்று விற்கச் சட்டம் இடங்கொடாது. அவ்வாறு கிடக்கும் காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 வீதம் மரத்தினூடே ஆவியாகிப் போகிறது. அதனைத் ‘தேவதூதரின் பங்கு’ என்று அழைப்பது அந்நாட்டு வழக்கம். எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். இறுதியில் சிறு கண்ணாடிக் குவளைகளிற் சுவைக்கத் தந்தனர். வாகனம் ஓட்டும் பொறுப்புடைய அத்தானின் பங்கைச் சிறு குப்பியில் அடைத்துக் கொடுத்தனர். முதலில் நாவிற் நெருப்பு. சில துளி நீர் சேர்த்ததும் கனிந்த அன்னாசியின் மணம். அச்சுவையை இகழ்ந்துரைப்பது பொய்மையாகும். மண்ணும் நீரும் மரமும் காலமும் மனிதக் கையின் திறமையால் ஒன்றுபட்டு நிற்கும் பொருள் அது. ஆயினும், தேவதூதருக்குக்கூடப் பங்கு குறித்து வைத்த உலகம் ஏனையோர் பங்கை எவ்வாறு குறித்தது என்று கேட்காமலிருக்க இயலவில்லை.

1823ஆம் ஆண்டுச் சட்டம் வடிப்புரிமையை மலிவாக்கியது. அடுத்த ஆண்டே, 1824இல், அவ்வூர் நிலப்பிரபு அலெக்சாண்டர் ராம்சே இவ்வடிசாலையை நிறுவினார். 1830 அளவில் அவருடைய நிலம் லிவர்பூல் வணிகர் ஜோன் கிளாட்ஸ்டனின் கைக்கு வந்தது. பிரித்தானியாவின் பிரதமராக நான்கு முறை பதவி வகித்த வில்லியம் கிளாட்ஸ்டன் இவருடைய மகனே. தந்தையின் செல்வத்திற்குப் பெரும் ஊற்றாக இருந்தவை, இன்று கயானா எனப்படும் நாட்டின் டெமராராக் கரும்புத் தோட்டங்கள். அவற்றை அவர் ஒருபோதும் நேரிற் சென்று பார்த்ததில்லை.

1823 ஆகஸ்டில் டெமராராவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி தொடங்கியது கிளாட்ஸ்டனுக்குச் சொந்தமான ‘சக்சஸ்’ தோட்டத்திலேயாகும். அதன் தலைவர்களுள் ஒருவரான குவாமினா சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் அத்தோட்டத்தின் முன் சங்கிலியில் தொங்கவிடப்பட்டது. குவாமினாவின் மகனும் கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவன். அவன் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். ஆம், விலங்கை உடைக்க எழுந்தவனின் பெயரிலும் எசமானின் பெயரே ஒட்டியிருந்தது.

அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது இழப்பீடு பெற்றவர்கள் அடிமைகள் அல்லர், உடைமையாளர்களே. 2,500க்கும் மேற்பட்ட மனிதரின் விலையாக ஜோன் கிளாட்ஸ்டனுக்கு 106,000 பவுணுக்கும் மேல் கிடைத்தது. அதன் பின் அவர் கண்கள் இந்தியாவின் பக்கம் திரும்பின. 1838இல் அவருடைய முயற்சியால் ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 400 பேரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அக்கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றன. அங்கு நிகழ்ந்த கொடுமைகள் வெளிவந்ததும் ஆளேற்றுமதி சில ஆண்டுகள் தடைப்பட்டது. 1845இல் மீண்டும் தொடங்கியபோது சென்னைத் துறைமுகத்திலிருந்தும் மக்கள் ஏற்றப்பட்டனர். தேம்பாவணியும் சிலம்பும் படித்த நாம் அவர்களை எந்த இலக்கிய வரலாற்றிற் தேடுவது?

ஃபெட்டர்கேர்னுக்குச் சில மைல் தொலைவில் ஓகன்பிளே என்னும் ஊர் உள்ளது. இலங்கையில் தேயிலை வணிகப் பயிராக வேரூன்ற வழிசெய்த ஜேம்ஸ் டெய்லர் 1835இல் பிறந்தது அதனருகேதான். சாதாரண உழைப்பாளி ஒருவரின் மகனான அவர் பதின்ம வயது கடப்பதற்குள், 1852இல், இங்கு வந்து சேர்ந்தார். லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். அவர் பெயரைப் பாடநூல்களில் நம் மாணவர் மனனம் செய்கின்றனர். அந்த மலையை வெட்டிக் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்கள் அங்கில்லை. கயானாவில் ஒப்பந்தம் செய்ததை இங்கு கங்காணியின் முற்பணமும், பட்ட கடனைப் பொறித்த ‘துண்டு’ச் சீட்டும் செய்தன. துண்டு முறை 1921 வரை நீடித்தது.

காலனித்துவம் முடிந்துவிட்டதே என்பார் உண்டு. 2007இல் ஃபெட்டர்கேர்ன் வடிசாலையை நடத்தும் கம்பனியை இந்திய மதுபான நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கியது. 2014இல் அது பிலிப்பைன்ஸ் முதலாளிகளிடம் கைமாறியது. முன்னாட் குடியேற்ற நாட்டவர் எசமானரின் வாலைகளை வாங்கியதைப் பழிக்குப்பழி என்று கொண்டாடினோரும் இருந்தனர். உடைமையாளனின் நிறம் மாறினால் உழைப்பவனின் பங்கு மாறிவிடுமா? மூலதனத்திற்குத் தாய்நாடு இல்லை என்பதற்கு இதனினும் எளிய பாடம் வேண்டியதில்லை.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் சிலர் கயானாவுக்குச் சென்று, தம் முன்னோரின் செயலுக்காக மன்னிப்புக் கேட்டனர். அதனை இகழவேண்டியதில்லை, அதனோடு கணக்குத் தீர்ந்ததென்று கருதவும் வேண்டியதில்லை. கணக்கை முறையாக எழுதத் தொடங்கியவர்கள் வேறு சிலர். 1980இல் குண்டுக்கு இரையான வால்டர் ரொட்னி கயானா உழைக்கும் மக்களின் வரலாற்றை எழுதி வைத்துச் சென்றார். மேர்ன்ஸ் உழவரைக் கிப்பன் எழுதினார். நமது மலையகத்து மக்களைச் சி. வி. வேலுப்பிள்ளை எழுதினார். இம்மூவரும் மூன்று கண்டங்களில் நின்று ஒரே வரலாற்றின் மூன்று பக்கங்களை நிரப்பியவர்கள். இவர்களை ஒரே வகுப்பறையில் அருகருகே வைத்துப் படிப்பிக்கும் ஆசிரியரும், அவ்வாறு படிக்கும் மாணவரும் பெருக வேண்டும். தேறலைப் பருகியவரையும் பாடியவரையும் தமிழிலக்கியம் போதிய அளவு போற்றிவிட்டது. வடித்தவரைப் பற்றிய பக்கங்கள் இனித்தான் எழுதப்பட வேண்டும். அவை எழுதப்படுவது நமது தலைமுறையின் கடமை.