மருமகன் கேட்ட கரண்ட்

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் சொந்தபந்தத்தில் யார் வீட்டில் ஃபேன் சுற்றாவிட்டாலும் போன் எனக்குத்தான் வரும். அதனால் போன வருடம் அக்கா மகன் கோயமுத்தூரிலிருந்து வந்து, "மாமா, கரண்ட் விஷயமா ஒண்ணு பேசணுங்க" என்றபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவனும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து பிட்காயின் 'மைனிங்' செய்யப் போகிறார்களாம். பொறுமையாகத்தான் விளக்கினான். உலகம் முழுக்க மிஷின்கள் ஒரு கணக்குக்கு விடை தேடிப் போட்டி போடுகின்றன. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாருக்காவது விடை கிடைக்கும். அவருக்குப் புதுக் காயின். 2009ல் ஒரு விடைக்கு 50 காயின் கிடைத்ததாம். ஏறக்குறைய நாலு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிப் பாதியாகி, 2024 ஏப்ரலிலிருந்து 3.125 தான். சின்ன ஆட்கள் கூட்டாகத் தேடி, கிடைத்ததைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

"மிஷின் எவ்வளவு இழுக்கும்?" என்றேன்.

"ஒண்ணு 3,250 வாட்ஸுங்க மாமா. செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு பார்த்து வெச்சிருக்கோம். ராத்திரி பகல் நிறுத்தக் கூடாது."

பழைய பழக்கம், நோட்டை எடுத்தேன். ஒரு மிஷினுக்கு ஒரு நாளைக்கு 78 யூனிட். இரண்டு மிஷினுக்கு இரண்டு மாதத்தில் 9,360. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் தாண்டினாலே என் மனைவி மீட்டரைச் சந்தேகப்படுவாள்.

முதலில் எங்கள் மாடி அறையைக் கேட்டான். வீட்டு சர்வீஸில் தொழில் நடத்தக் கூடாது, அதோடு ஆயிரம் யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட் பதினோரு ரூபாய்க்கு மேல் என்றேன். உடனே, "அப்ப குமாரபாளையம் போலாமா மாமா?" என்றான்.

அங்கே தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருடைய தறிப்பட்டறை. எட்டுத் தறியில் இரண்டுதான் ஓடியது. மீதி இடத்தை வாடகைக்குத் தரத் தயாராக இருந்தார். த்ரீ பேஸ் லைன் உண்டு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், மேலே போனாலும் வீட்டு ரேட்டை விடக் குறைவு. பையன் எல்லாம் விசாரித்துத்தான் வைத்திருந்தான். தகரக் கூரைக்குக் கீழே அனல் அடித்தது. தறிச் சத்தத்தில் மிஷின் சத்தம் வெளியே தெரியாது என்று அவன் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"செக்‌ஷன் ஆபீஸ்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க மாமா" என்றான்.

தொண்ணூறுகளில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பம்ப்செட் சர்வீஸிலிருந்து மகள் கல்யாணப் பந்தலுக்கு சீரியல் லைட் போட்டிருந்தார் ஒரு விவசாயி. புகார் வந்தது, போனோம். "முகூர்த்தம் முடியட்டும் சாமி" என்று கும்பிட்டார். நான் பீஸைப் பிடுங்கி ரிப்போர்ட் எழுதினேன். அபராதம் கட்டினார். எழுதியது சரிதான், ஆனாலும் அந்தக் கும்பிட்ட கை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு ராத்திரி வெளிச்சத்துக்கு அவரை விடாத நான், ராத்திரி பகலாக ஓடப் போகிற இதற்கு எந்த வாயால் சிபாரிசு செய்வது?

திரும்பி வந்ததும் இதைச் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். அவன் போனில் காட்டிய வருமானம், தொழிலுக்கான ரேட்டில் கரண்ட் பில்லுக்கே பத்தவில்லை. தறிக்காரர் பெயரில் வரும் சலுகையில் ஓட்டினால்தான் லாபம். அந்தச் சலுகைக்கு அரசாங்கம் வாரியத்துக்குப் பணம் கட்டுகிறது. நெசவு பிழைக்கட்டும் என்று ஊர் கொடுக்கிற காசு அது. "வேறு பேருக்கு வாங்கின கரண்டை எடுத்தா அதுக்குப் பேரு திருட்டுதாண்டா. பிடிபட்டா அவரு லைனும் போயிரும், ஓடற ரெண்டு தறியும் நிக்கும்" என்றேன்.

காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டான்.

அன்று ராத்திரி அக்கா போன். "ஊரு முழுக்க நல்லது செஞ்ச, சொந்த மருமகனுக்குன்னா மட்டும் சட்டம் பேசற." என்னிடம் பதில் இல்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்.

ஏழு மாதம் அவனிடமிருந்து பேச்சே இல்லை. இந்தப் பொங்கலுக்கு வந்தான். சிநேகிதர்கள் இருவரும் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து, முறையாக லைன் வாங்கி ஓட்டினார்களாம். இரண்டாவது பில்லோடு மிஷினை விற்றுவிட்டார்கள். இவன் சேரவில்லை. "நீங்க போட்ட கணக்கு சரிங்க மாமா" என்றான்.

கணக்கு தப்பாகி, அவர்களுக்கு லாபமே வந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். அதை அவனிடம் சொல்லவில்லை. காபியைக் குடித்து முடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அக்காவுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது.