கடலுக்கு மேலே ஓர் ஊர்



தாய்லாந்துப் பயணம் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். பாங்கொக் கடைத்தெருவும் சாமான் விலையும் அறியக் காத்திருப்பவர்கள் மன்னிக்கவும். நாங்கள் ஒரேயொரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் ராத்தா வாசித்துப் பார்த்து "போடுங்க" என்று சொன்ன பிறகுதான் போடுகிறோம்.

நாங்கள் எட்டுப் பேர். எல்லோரும் ஒரே பாடசாலை. டிசம்பர் லீவில் புறப்பட்டோம். நம்ம ஊரில் அது வாடைக் காலம், கடல் கொந்தளித்துக் கிடக்கும். அங்கே அந்தமான் கடலில் அது மழை ஓய்ந்த காலம், தண்ணீர் வாளிக்குள் கிடப்பதுபோல அசையாமல் கிடந்தது. புக்கெட்டின் வடகிழக்கே ஆவ் போ என்ற இறங்குதுறையில் எங்களுக்கான கப்பல் நின்றது. கப்பல் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு தட்டு, மரத்தால் கட்டியது, முப்பது பேர் கொள்ளும். வெள்ளைக்காரர் சிலரும் ஒரு சீனக் குடும்பமும் ஏற்கனவே ஏறி நல்ல இடமெல்லாம் பிடித்துவிட்டார்கள்.

ராத்தா வானை விட்டு இறங்கவில்லை.

எங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ராத்தா எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், அடுத்த வருடம் ஓய்வு. 2004 டிசம்பர் 26இல், அந்தப் போயா ஞாயிற்றுக்கிழமை காலையில், தரம் 2 படித்த மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் போன நாள் அது. நம்ம ஊரில் யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. அதன் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் காலடி வைத்ததில்லை. பெருநாள் பின்னேரம் ஊரே கடற்கரைக்குப் போனாலும் அவர் போவதில்லை. மகள்தான் டிக்கெட் போட்டு வற்புறுத்தி அனுப்பியிருந்தார். பயண நிரலில் "ஃபாங் ங்கா குடா" என்று இருந்ததை ராத்தா ஏதோ ஓர் ஊரின் பெயர் என்று நினைத்திருக்கிறார். குடா என்ற சொல்லை எங்களில் ஒருவரும் அவருக்கு நின்று விளக்கவில்லை. அது எங்கள் பிழை.

"நான் வானுக்குள்ளேயே இரிக்கன். நீங்க போயிட்டு வாங்க" என்றார். இரண்டு பேர் அவருடன் தங்குவதாகச் சொன்னோம். கொஞ்ச நேரம் கைப்பையின் சிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு, "சரி வாறன். ஆனா கடலப் பத்தி ஒருத்தரும் எனக்கிட்ட கதைக்கப் படாது" என்றார்.

கீழ்த்தட்டில், யன்னல் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் தீவுகள் வரத் தொடங்கின. படத்தில் பார்த்திருப்பீர்கள். நேரில் வேறு. நாற்பதுக்கும் மேற்பட்ட தீவுகள், பெரும்பாலானவற்றுக்குக் கரையே கிடையாது. கடலுக்குள்ளிருந்து செங்குத்தாகக் கல் எழும்பி நிற்கிறது, தலையில் காடு. எங்கள் புவியியல் சேர் இருபது வருடமாகக் கரும்பலகையில் சோக்கால் வரைந்து காட்டிய சுண்ணாம்புக்கல் நிலவுருவத்தை அன்றைக்குத்தான் கண்ணால் காண்கிறார். மனுசன் வாய் மூடவில்லை. 25 கோடி வருடங்களுக்கும் முன் கடலடியில் சேர்ந்த சிப்பி, பவளம் எல்லாம் இறுகிக் கல்லாகி, பூமி அதைத் தூக்கி, மழைநீர் மெல்ல மெல்லக் கரைத்து, கடைசிப் பனிக்காலம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது பள்ளமெல்லாம் முங்கி, உச்சிகள் மட்டும் தீவுகளாக மிஞ்சின என்றார். தீவுகளின் அடியைச் சுற்றி, யாரோ அரிந்து எடுத்ததுபோல உள்வாங்கி இருக்கிறது. அலையும் கடல் உயிர்களும் அரித்த இடம்.

பனாக் தீவில் கப்பலை நிறுத்தி, காற்றடைத்த சிறு தோணிகளில் ஏற்றினார்கள். தோணிக்கு இரண்டு பேர், துடுப்புக்காரர் ஒருவர். வற்று ஏற்றம் பார்த்துத்தான் உள்ளே போகலாம். குகைவாய் அவ்வளவு தாழ்வு, மல்லாக்கப் படுக்கச் சொல்கிறார்கள். மூக்கு நுனிக்கு ஒரு சாண் மேலே கல் போகிறது, வௌவால் வாடை அடிக்கிறது. எங்கள் கணித டீச்சர் கலிமாவைச் சத்தமாகவே சொல்லத் தொடங்கிவிட்டார். திடீரென்று வெளிச்சம். நாலு பக்கமும் கற்சுவர், மேலே வானம், நடுவில் குளம்போலத் தண்ணீர், ஓரத்தில் கண்டல் மரங்கள், சேற்றில் துள்ளும் சின்ன மீன்கள். 'ஹொங்' என்கிறார்கள், தாய் மொழியில் அறை என்று பொருளாம். குகையின் கூரை எப்போதோ இடிந்து விழுந்ததால் உண்டான அறை. யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறும் இதே கதைதான், அதுவும் கரைந்து இடிந்த சுண்ணாம்புக்கல் என்று சேர் சொன்னார். அங்கே ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. சுப்ஹானல்லாஹ் என்பதற்கு மேல் எங்களுக்கும் ஒன்றும் வரவில்லை.

ராத்தா கப்பலில் இருந்தார். திரும்பி வந்தபோது தஸ்பீஹ் கையில் இருந்தது, முகம் அதே பக்கம்.

ஜேம்ஸ் பொண்ட் தீவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1974இல் வந்த ஒரு படத்தால் பெயர் மாறிய இடம். கடலுக்குள் இருபது மீற்றர் உயரத்தில் ஒரு கல் தனியே நிற்கிறது, அடி ஒல்லி, தலை பருமன், ஆணி குத்தி வைத்ததுபோல. கல் பாவம், நன்றாகத்தான் இருக்கிறது. சனம்தான் தாங்க முடியவில்லை. செல்ஃபிக்கு வரிசை, வரிசையில் சண்டை. கரையில் பிளாஸ்ரிக் முத்துமாலைக் கடைகள். அரிப்புக்குப் பயந்து படகுகளைக் கல்லுக்குக் கிட்டப் போக விடுவதில்லை, அது நல்ல விஷயம். இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

பகல் சாப்பாட்டுக்கு இறக்கிய இடம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். கொ பன்யி.

தூரத்தில் ஒரு பெரிய கல்மலை, அதன் காலடியில் பள்ளிவாசலின் பொன்னிற டோம். கிட்டப் போனால் ஊர் முழுக்கத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. நூற்றுக்கணக்கான வீடுகள், கடைகள், பாடசாலை எல்லாம் தூண்களின் மேல். பலகையும் கொங்கிறீற்றும் போட்ட ஒழுங்கைகள். ஊரார் எல்லோரும் முஸ்லிம்கள். எங்கள் கைட் தம்பியும் அந்த மாகாணத்து முஸ்லிம்தான். இருநூறு வருடத்துக்கு முன் ஜாவாப் பக்கமிருந்து மீன்பிடிக் குடும்பங்கள் வந்தனவாம். வெளியாருக்குக் காணி எழுத முடியாத காலம், அதனால் கடலுக்குள் கால் நட்டார்களாம். பிற்காலத்தில் வசதி வந்து தீவின் சிறு தரையை வாங்க முடிந்தபோது முதலில் கட்டியவை இரண்டு: ஒரு பள்ளிவாசல், ஒரு நன்னீர்க் கிணறு. அதைக் கேட்டு எங்களில் சிலருக்குக் கண் கலங்கியது. ஜாவாவிலிருந்து ஒல்லாந்தர் காலத்தில் நம் நாட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள், நமது மலாய் சகோதரர்களின் மூதாதையர். ஒரே கடல், வேறு கரை.

ஹலால் சாப்பாடு கிடைக்குமோ கிடைக்காதோ என்று பாணும் டின் மீனும் சுமந்து போயிருந்தோம். ஊருக்குள் பன்றியும் இல்லை, மதுவும் இல்லை. வெள்ளைக்காரர் பியர் கேட்டு ஏமாந்தார்கள். நாங்கள் டின் மீனைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, பொரித்த மீனும் புளிச் சூப்பும் சாப்பிட்டோம்.

பள்ளியில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். அவர்களும் ஷாஃபி மத்ஹப். பெண்களுக்கு ஒழுங்கான இடம், தொழுகை அங்கிகள் மடித்து வைத்திருந்தார்கள். எங்கள் டீச்சர்மார் வெளியே வந்து, "பிரயாணத்தில வாற பொம்பிளைக்கு நம்ம ஊர்ப் பள்ளியில இப்பிடி ஓர் இடம் இரிக்கா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. நம் பள்ளி நிர்வாகத்தார் இதை வாசித்தால் யோசிக்கட்டும்.

பிறகு மிதக்கும் பந்து மைதானம் பார்க்கப் போனோம். 1986 உலகக் கிண்ணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பையன்கள் பழைய பலகையும் மீன்வளர்ப்பு மிதவைகளும் சேர்த்துக் கட்டியது முதல் மைதானம். ஆணி துருத்திக்கொண்டிருந்ததாம், பந்து அடிக்கடி கடலில் விழுமாம். அந்த ஊர் அணி பின்பு தென் தாய்லாந்தின் இளைஞர் கிண்ணங்களையே வென்றது. மைதானத்தில் புல் இல்லை என்று முறைப்பாடு சொல்லும் எங்கள் தரம் 10 மாணவர்களுக்குப் படம் எடுத்து வந்திருக்கிறோம்.

அங்கே நிற்கும்போதுதான் ராத்தாவைக் காணவில்லை என்று கண்டோம்.

தேடிப் போனால், ஒழுங்கையோரம் ஒரு கருவாட்டுக் கடை வாசலில் நிற்கிறார். பலகை இடுக்கால் கீழே கடல் தெரிகிறது. ஆறேழு வயதுப் பையன் ஒருவன் அந்தப் பலகைகளின் மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். ராத்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கைட் தம்பியைக் கூப்பிடச் சொன்னார். "இவட்டக் கேளுங்க, புள்ளயள வச்சிக்கிட்டு இதுல இரிக்கப் பயமில்லையா?"

கடைக்காரப் பெண்ணுக்கும் ராத்தாவின் வயதுதான் இருக்கும். தம்பி மொழிபெயர்த்தார். அவர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார், பிறகு சிரிப்பு நின்றது. நெடுநேரம் சொன்னார். தம்பி சுருக்கமாகச் சொன்னார்: இவருடைய தம்பி ஒருவர் கடலில் தொழில் செய்ய விரும்பாமல், கரையில் சம்பளம் என்று காவ் லாக் ஹோட்டலில் வேலைக்குப் போனார். சுனாமி அன்று அங்கேதான் நின்றார்.

காவ் லாக் அதே மாகாணத்தில் மறுபக்கக் கரை. தாய்லாந்திலேயே அதிகம் பேர் இறந்த இடம்.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றார் ராத்தா. அந்தப் பெண்ணும் கூடவே சொன்னார். அதற்குத் தம்பி தேவைப்படவில்லை. பிறகு ராத்தா தன் நெஞ்சைத் தொட்டு, ஏழு விரல் காட்டி, கையைத் தாழ்த்தி ஒரு பிள்ளையின் உயரம் காட்டினார். நாங்கள் தள்ளி நின்றோம்.

நம்மவர்களுக்கு அப்போது கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்று சொல்லப்பட்டதும், வருடக்கணக்கில் தகரக் கொட்டிலில் கிடந்ததும் எங்களுக்கு நினைவு வந்தது. இங்கே 200 மீற்றர் அல்ல, ஓரடிகூட இல்லை. எது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

கப்பல் கூப்பிட்டது. அந்தப் பெண் காசு வாங்க மறுத்து ஒரு போத்தலைத் திணித்தார். கூனி இறாலை உப்பிட்டு அரைத்த அவ்வூர்க் கலவை. ராத்தா விடாமல் காசைப் பெட்டிக்குள் போட்டார்.

திரும்பும் வழியில் ராத்தா மேல்தட்டுக்கு வந்தார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. கீழ்த்தட்டில் அதே இடத்தில்தான் இருந்தார், போத்தலை மடியில் வைத்துக்கொண்டு. இறங்கும்போது, "அந்தப் பொம்பிளட பேரக் கேக்க மறந்திட்டன்" என்றார். எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

பாடசாலை தொடங்கிய முதல் கிழமை அந்தக் கூனியில் சம்பல் இடித்து ஆசிரியர் அறைக்குக் கொண்டு வந்தார். வாடை அதிபரின் அறை வரைக்கும் போனது. மூன்று பேர்தான் சாப்பிட்டோம். மிச்சத்தை ராத்தாவே முடித்தார்.