மலை சரிந்தது, மனம் சரியவில்லை

இமயம் என்றதும் தேவரும் முனிவரும் உலவும் இடம் என்று கதை அளப்போர் உண்டு. நாம் எண்ணிப் பார்ப்பது, அங்கே முதுகில் கல் சுமந்து வீடு கட்டும் மனிதரை.

நேபாளத்தில், காத்மாண்டுவுக்கு வடக்கே, ரசுவா மாவட்டத்தில், லாங்டாங் என்றொரு பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் அதே பெயருடைய சிற்றூர். திபெத்திய மரபில் வந்த புத்த சமயத்தார் அங்கே யாக் மேய்த்தனர். மலையேற வந்தோர்க்கு விடுதி நடத்தினர். கல்லடுக்கிச் சுவரெழுப்பி, செதுக்கு வேலை செய்த மரச் சாளரம் பொருத்தி வாழ்ந்தனர்.

2015 ஏப்ரல் 25. நண்பகல் நெருங்கும் நேரம். 7.8 அளவில் நிலம் நடுங்கிற்று. லாங்டாங் லிருங் மலையிலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து ஊரின்மீது விழுந்தன. ஊரார், வழிகாட்டிகள், வெளிநாட்டார் என 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாறை முகட்டின் கீழே ஒண்டியிருந்த ஒரே ஒரு வீடு மிஞ்சிற்று!

அந்த வீட்டின் படத்தைக் கண்டபோது, "புண்ணியவான் வீடு, பிழைத்தது" என்பார் சிலர் இருப்பரே என்று நெஞ்சு குமைந்தோம். அங்ஙனமாயின், தாயின் மடியிலேயே புதையுண்ட குழந்தை செய்த பாவம் யாது? வீட்டைக் காத்தது பாறை. ஊரை அழித்தது, இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து திபெத்தின் அடியில் முட்டுவதால் விளைந்த அதிர்ச்சி. அந்தக் குளிர்காலத்தில் வழக்கத்தை மிஞ்சிக் குவிந்திருந்த பனி. காரணம் கண்டால் காப்புத் தேடலாம். கர்மம் என்றால் கைகட்டி உட்காரலாம்.

உயிர் தப்பியோர் ஹெலிகாப்டரில் காத்மாண்டு கொண்டுவரப்பட்டு, ஒரு புத்த மடத்தின் வளாகத்தில் கூடாரமடித்துப் பல திங்கள் தங்கினர். மாண்டோர்க்காக அங்கே விளக்கேற்றினர். அதனை எள்ளி நகையாட நாம் முன்வரோம். இறந்தோரை எண்ணி அழுவது மூடத்தனமன்று. இருப்போரை மறப்பதே மூடத்தனம். அவர்கள் மறக்கவில்லை. கூடாரத்திலேயே கூடிப் பேசினர், குழு அமைத்தனர், பாதையைச் செப்பனிடுவது எப்படி, எங்கே வீடு கட்டுவது என்று திட்டமிட்டனர். விளக்கேற்றிய கைகளே மண்வெட்டியும் ஏந்தின. நிலையாமை போதித்த புத்தரின் வழியினர், எதுவும் நிலையாது என்று சோம்பி இருந்தனரா? இல்லை, தோழர்களே! எதுவும் நிலையாது என்பதால்தான், இருப்பவர்க்கு இன்றே கூரை வேண்டும் என்றனர்.

அரசு உதவிற்று. வீடிழந்த குடும்பத்துக்கு 3,00,000 நேபாள ரூபாய். 50,000, 1,50,000, 1,00,000 என மூன்று தவணை. ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் பார்வையிட்டு ஒப்ப வேண்டியிருந்தது. சேற்றில் பதித்த கற்சுவர்தானே உயிர் குடித்தது? ஆகவே, மரத்தாலோ காங்கிரீட்டாலோ பட்டையிட்டுச் சுவர்களை ஒன்றோடொன்று பிணைக்கச் சொன்னது விதி. நல்ல விதி, வரவேற்கிறோம்.

ஆனால், லாங்டாங்குக்கு மோட்டார் செல்லும் சாலை இல்லை. சியாப்ரூபேசியிலிருந்து சிமெண்டும் கம்பியும் மனித முதுகிலோ, கோவேறு கழுதையிலோ, ஹெலிகாப்டரிலோ ஏற வேண்டும். சாலையோர ஊருக்கும் 3,00,000. சாலையற்ற மலைக்கும் 3,00,000! எல்லார்க்கும் ஒரே தொகை என்பது காதுக்கு இனிக்கிறது. ஆனால், ஏணியின் அடியில் நிற்பவனுக்கும் உச்சியில் நிற்பவனுக்கும் ஒரே நீளக் கயிறு தந்தால், அது சமநீதி ஆகுமா? நிலப் பத்திரம் காட்ட இயலாதோர் காத்துக் கிடந்தனரே, அவர்கள் வீடு மட்டும் இடியவில்லையா?

இத்தனை இடரையும் மீறி, சரிவுக் குவியலுக்கு அப்பால் புதிய லாங்டாங் எழுந்தது. பயணிகள் மீண்டும் வந்தனர். அடுப்புகள் மீண்டும் புகைந்தன.

இளைஞர்காள்! நாளை எங்கேனும் ஓர் ஊர் இடியும். அன்று, "யார் செய்த பாவமோ" என்று பெருமூச்சு விடுவோர் பலர் இருப்பர். நீங்கள் நான்கு கேள்வி கேளுங்கள்: சுவர் ஏன் விழுந்தது? பணம் எவ்வளவு வந்தது? யார் கைக்குச் சேர்ந்தது? யார் கைக்குச் சேரவில்லை? விடை கிடைக்கும்வரை கேளுங்கள்.